ரேடியோப் பெட்டிக்கு மெத்தை தைத்தவர்

அப்துல் கையூமை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் படுத்துக் கிடந்தார்.

1944-ஆம் வருஷம், ஆடி மாதம். ஆவடியில் பட்டாளத்துக்காகப் புதிதாக எழுப்பியிருந்த சரக்குக் கிடங்குகளில் ஒன்றில், பெட்டி கட்டும் கொட்டகைக்குக் குமாஸ்தாவாக நான் சேர்ந்த முதல் நாள். உள்ளே நுழைந்தால் ஆணி அடிக்கிற சத்தத்தில் தகரக் கூரையே அதிர்கிறது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், ஒரு பலகைத் தட்டின்மேல் விரித்த மெத்தையில், கட்டம் போட்ட கைலியும் பனியனுமாக நாற்பது வயது மனிதர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார்.

"வேலை நேரத்தில் தூக்கமா?" என்று அதட்டினேன்.

"தூங்கல சார். முதுவால பாத்துகினு கீறேன்."

"எதை?"

"பஞ்சை. எந்த எடத்துல கட்டி கீதுன்னு கண்ணுக்குத் தெரியாது. முதுவு சொல்லும்."

பக்கத்தில் சட்டம் அறுத்துக்கொண்டிருந்த தச்சர் வேம்புலி, வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டு, "நம்பாத சார். நேத்து அதே முதுவு கொறட்டை உட்டுச்சு" என்றார்.

கொட்டகையே சிரித்தது. படுத்திருந்தவரும் சிரித்துக்கொண்டே எழுந்தார். அதற்கப்புறம், நான் அவரோடு பழகிய காலம் முழுவதும், அவர் ஓரிடத்தில் கிடந்ததையோ சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததையோ பார்த்ததில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூருக்குத் தெற்கே இருக்கிற எங்கள் கிராமத்தில், பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று போட்டுக்கொள்கிற முதல் ஆள் நான். பௌதிகம் எடுத்துத் தேறியவன். என் அப்பா கையெழுத்துக்குப் பதில் பெருவிரலை வைக்கிறவர். அதனால் அந்த இரண்டு எழுத்துகளை நான் எங்கேயும் விட்டுவிட்டு எழுதுவதில்லை. வெள்ளைக்காரக் கேப்டன் துரை என்னை அந்தக் கொட்டகைக்குப் போட்டதும் பௌதிகத்துக்காகத்தான்.

அங்கே நடந்த வேலை இது. வயர்லெஸ் பெட்டிகள் ரயிலில் கல்கத்தா வழியாக அஸ்ஸாமுக்குப் போக வேண்டும். அங்கிருந்து லாரியில் பர்மா எல்லைக்கு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கண்ணாடி வால்வுகள், முட்டையைவிட மெல்லியவை. வயர்லெஸ்ஸை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் மெத்தென்று ஏதாவது அடைத்து, அப்படிப்பட்ட பெட்டிகளை ஒரு பலகைத் தட்டின்மேல் அடுக்கி, மொத்தத்தையும் இரும்புப் பட்டையால் இறுக்கிவிடுவோம். அந்தத் தட்டுக்குப் பேலட் என்று பெயர். அமெரிக்கர்களிடமிருந்து வந்த பழக்கம். இரண்டு இரும்பு விரல்களை நீட்டிக்கொண்டு ஒரு வண்டி வரும். விரல்களைத் தட்டுக்கு அடியில் கொடுத்து அப்படியே தூக்கிக்கொண்டு போய் ரயில் வாகனில் வைத்துவிடும். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கிப் போட்டு உடைக்கிற தொல்லை இல்லை. ஆனால் வேறொரு தொல்லை உண்டு. அடிப் பெட்டியின்மேல் மற்றதெல்லாம் உட்காரும். தண்டவாளம் மாறுகிற இடத்தில் தட்டைத் தொப்பென்று இறக்கினால் எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்தில் அடி.

அடைப்பதற்குச் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மரச்சுருளும் கம்பளியும் கப்பல் இல்லாமல் நின்றுபோயின. 'மெத்தை தைக்கிறவன் எவனையாவது பிடித்து வா' என்று கேப்டன் சொல்ல, பூந்தமல்லியிலிருந்து பிடித்துவந்த ஆள்தான் கையூம் பாய். இலவம்பஞ்சை வில்லால் கொட்டி, அதாவது அடித்துப் பூவாக்கி, பெட்டியின் ஆறு பக்கத்துக்கும் ஆறு சின்ன மெத்தை தைத்துக் கொடுப்பார். கை வேலை சுத்தம். ஆனால் மனிதர் நிலைகொள்ளமாட்டார். ரயில் ஊதினால் ஊசியைக் குத்தியது குத்தியபடி விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்பார்.

"கல்கத்தா வண்டியா சார்?"

"அது அரக்கோணம் பாசஞ்சர், பாய்."

திரும்பி வருவார். நாலு தையல் போடுவார். மறுபடி எழுந்து என் மேஜைக்கு வருவார். "எப்போ சார்?"

அவர் கூலியைக் கேட்கிறார் என்று நினைத்து, "சனிக்கிழமை" என்பேன். ஏமாந்த முகத்தோடு போவார். சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை வந்து மறுபடியும் "எப்போ சார்?" என்பார்.

காரணத்தை வேம்புலிதான் எனக்குச் சொன்னார். கையூம் பாய்க்கு ஒரே தம்பி, ஷவுகத் அலி. கல்யாணமான கையோடு ரங்கூனுக்கு மெத்தை தைக்கப் போனவர். அங்கே ஜப்பான்காரன் குண்டு போட்ட மார்கழியில் கடிதம் நின்றது. மூன்று வருஷம் ஆகப்போகிறது. தம்பி பெண்டாட்டி ராபியா பாய் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய வாப்பா பல்லாவரத்துக்காரர். புருஷனைப் பற்றி நாலு வருஷம் தகவலே இல்லாவிட்டால் பெண் கோர்ட்டுக்குப் போய் விடுதலை வாங்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது; அதைச் சொல்லி, 'கெடு முடியட்டும், பெண்ணைக் கூட்டிப் போய் வேறு நிக்காஹ் செய்கிறேன்' என்று நிற்கிறார். மாப்பிள்ளை கூடப் பார்த்தாகிவிட்டது.

"அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?" என்று வேம்புலியை அவர் பேச்சிலேயே கேட்டேன்.

"உசுரோட கீறவனை வச்சிகினு இன்னொருத்தன் ஊட்டுக்கு எப்படிப் போறதுன்னுது. செத்தவனுக்காகக் குந்திகினு கீறதும் கஷ்டம்தானேன்னும் சொல்லுதாம். ஒண்ணு ஆளு வரணும், இல்ல சேதி வரணும். பாய் தூங்கினு கீறாருன்னு நெனைக்கிறியா சார் ராத்திரியில?"

ஐப்பசியில் எங்கள் முதல் சரக்கைப் பற்றி அஸ்ஸாமிலிருந்து கேப்டனுக்குத் தகவல் வந்தது. வால்வுகளில் பெரும்பாலானவை தூள். மெத்தைகள் அப்பளமாகிவிட்டன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வயர்லெஸ், குடத்துக்குள் போட்ட கல்லைப்போல உருண்டிருக்கிறது. கேப்டன் முகம் சிவக்கக் கொட்டகைக்கு வந்தார். அவர் ஆங்கிலத்தில் கத்தியதை நான் கையூம் பாய்க்கு அடக்கமான தமிழில் கொடுத்தேன்.

"பஞ்சு ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கிறார், பாய்."

அவருக்குத் துளி பயமில்லை. "பஞ்சுன்னா அமுங்கத்தான் செய்யும். ஆளு படுக்கிற மெத்தையே வருஷம் ரெண்டு போனா சப்பையாப் பூடுது. நாங்க அந்த ஊட்டுக்குப் போயி, பிரிச்சி, கொட்டி, திரும்ப அடைச்சிக் குடுத்துட்டு வறோம். மெத்தைன்னா அதானே? இது ராவும் பவலும் ஆடிகினே போவுது. பாதி வழியில ஒருத்தன் பிரிச்சிக் கொட்ட வாணாமா?"

"யார் கொட்டுவது?"

"இன்னா சார் கேள்வி? நான்தான்! எப்போ ரயிலு ஏறணும், எப்போ ரயிலு ஏறணும்னு சேந்த நாள்லேர்ந்து உன்னைக் கேட்டுகினு கீறேனே. நீ சனிக்கெழமை சனிக்கெழமைன்னே. துணிமூட்டை கட்டி வச்சி எத்தினி நாளாச்சு!"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எந்த மெத்தைக்காரரும் மெத்தையைத் தைத்துக் கொடுத்து அத்தோடு கைகழுவுவதில்லை. மெத்தை எந்த வீட்டில் கிடக்கிறதோ அந்த வீட்டுக்கு அவர் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அந்தக் கணக்கில்தான் பஞ்சையே அடைப்பார். பட்டாளத்து மெத்தை பர்மா எல்லைக்குப் போகிறது என்றதும், தானும் கூடவே போகப் போகிறோம் என்று அவர் நம்பிவிட்டார். அங்கே தம்பியைப் பற்றி விசாரிக்கலாம் என்ற ஆசையில்தான் வேலைக்கே வந்திருக்கிறார். யாரும் அவருக்கு இல்லையென்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

நான் சொன்னதைக் கேட்டுக் கேப்டனுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. ஆனால் தீர்ப்பு கறாராக இருந்தது. படை போகிற வழியில் மெத்தைக்காரனுக்கு இடமில்லை. அமுங்காத பொருள் எதையாவது பி.ஏ.க்காரன் தேடட்டும், அப்படி ஒன்று இந்தப் பக்கத்தில் கிடைக்காவிட்டால், வேறு வழியில்லை, பஞ்சோடு ஆளையும் சேர்த்து அனுப்ப வேண்டியதுதான்.

கடைசி வாக்கியத்தை மொழிபெயர்த்ததும் கையூம் பாயின் கண் பளிச்சென்றது. "தேடு சார், நல்லாத் தேடு. அமுங்காத பொருளு ஒலகத்துல ஏது?"

தேடினேன். படித்த பாடத்துக்கு ஒரு காரியம் வந்ததே என்று உற்சாகமாகத்தான் தேடினேன். ரயில் ஆட்டத்தை ரயிலில் ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகிற சாலை போதும். ஐப்பசி மழையில் அதில் சாலையைவிடப் பள்ளம் அதிகம். வேம்புலி மேனாம்பேட்டிலிருந்து தன் மாமன் மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வால்வுக்குப் பதில் அரிக்கேன் விளக்குச் சிம்னிகளை வைத்துப் பெட்டிகள் தயார் செய்தேன். ஒன்றில் வைக்கோல், ஒன்றில் மரத்தூள், ஒன்றில் உதிரித் தென்னை நார், ஒன்றில் அதே இலவம்பஞ்சு. பேலட்டில் அடுக்கி, வண்டியில் ஏற்றி, பழைய கிணற்றுத் தென்னங்கயிற்றால் கட்டினோம்.

கையூம் பாய் வண்டியில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சேற்றில் நடந்துவந்தார். சில சமயம் முன்னால் ஓடிப்போய் நின்று எங்களுக்காகக் காத்திருந்தார்.

"பாய், மாட்டுக்கே வெக்கமா கீது. ஏறிக்கோ" என்றார் வேம்புலி.

"நீ ஓட்டு நைனா. பள்ளம் பாத்து உடு."

"பள்ளத்தைப் பாத்தா? பள்ளத்துல உடவா, உடாமப் போவவா?"

"உள்ள உடு! நல்லா தூக்கிப் போடட்டும்!"

கரையான்சாவடி தாண்டிப் பூந்தமல்லிக் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திப் பெட்டிகளைத் திறந்தோம். வைக்கோல் பாதி பொடியாகியிருந்தது. மரத்தூள் தண்ணீர்போல அடியில் போய்ச் சேர்ந்து, மேல் பக்கம் காலியாக இருந்தது. பஞ்சு அமுங்கியிருந்தது. உதிரி நார் கொஞ்சம் தேவலை. ஆனால் அதுவும் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒரு சிம்னியை உடைத்திருந்தது. கையூம் பாய் ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டுப் பார்த்து, "இதுவும் போச்சு... இதுவும் போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். துக்கம் விசாரிக்கிற பாவனையில் சொன்னாலும் குரலில் குஷி ஒளியவில்லை.

பெட்டிகளைத் திரும்பக் கட்டக் கயிற்றை எடுத்தேன். அறுந்த முனை ஒரு சாண் நீளத்துக்குப் புரி பிரிந்து கிடந்தது. பிரிந்த நார் நேராக இல்லை. கம்பிச் சுருள்போல நெளிந்து நெளிந்து இருந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். விட்டதும் எழும்பியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி எழும்பியது. எங்கள் ஊரில் கிணற்று நீர் இறைக்கிற கவலைக் கயிற்றில் சின்ன வயதிலிருந்து பார்த்த சங்கதிதான். ஆனால் அன்றைக்குத்தான் அது எனக்கு வில்சுருளாகத் தெரிந்தது. நாரை ஊறவைத்துக் கயிறாக முறுக்கி, காயவைத்து, அப்புறம் பிரித்தால், ஒவ்வொரு இழையும் ஒரு சின்ன வில். பஞ்சு அமுங்கினால் அமுங்கியதுதான். வில் அமுங்கினால் எழும்பும். நடுத்தெருவில் நான் கிட்டத்தட்டக் குதித்தேன்.

"பாய்! இதைப் பாருங்கள்!"

அவர் பார்க்கவில்லை. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"உங்களுக்கு இது முன்பே தெரியுமா?"

மாட்டின் கழுத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு சொன்னார்: "தெரியும். பெரிய ஊட்டு சோபாவுக்கு அதான் போடுவோம். பத்து வருசம் ஆனாலும் அமுங்காது."

"அப்படியானால் ஏன் சொல்லவில்லை?"

"ஏன் சொல்லணும்? அமுங்காததுக்கு ஆளு எதுக்கு சார்? ஒடைஞ்சா நான் போலாம். ஒடையாமப் போனா நான் இங்கயே கெடக்கணும். நீயா கண்டுபுடிச்சிட்டே. போ, தொரைகிட்ட சொல்லிக்கோ. நான் பொய்யும் சொல்லல, உண்மையும் சொல்லல. அவ்ளோதான்."

வேம்புலி மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனார்.

நான் கேப்டனிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. அந்த வயர்லெஸ் பேசாவிட்டால் மலைக்கு அந்தப் பக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளும்தான் சாகிறார்கள். முறுக்கிப் பிரித்த நாரில் கையூம் பாயே மெத்தை தைத்தார். அதே வண்டி, அதே சாலை. ஒரு சிம்னி கூட விரிசல் விடவில்லை. கனமான பெட்டிக்கு நாரை நெருக்கியும் லேசான பெட்டிக்கு நெகிழ்த்தியும் அடைக்க வேண்டும் என்று எடைபோட்டுப் பார்த்து நான் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். கேப்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு என் அப்பா பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கையூம் பாய் முதல் பேலட்டுக்கு மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவருக்குக் கீழே வேலை பழகினவர்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். கயிறு பிரிக்கிற வேலை பூந்தமல்லி வீடுகளில் இருக்கிற பெண்களிடம் போயிற்று. நான் கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

பாய் வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில், சுவருக்கும் கிணற்றுக்குமாக நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. அவருடைய மனைவி சைனம்புதான் பலகையை எடுத்துப் போட்டார்.

"வாங்க சார். காலைலேர்ந்து உங்களைத்தான் திட்டிகினு கீறாரு. நேராவே கேட்டுட்டுப் போங்க. டீ போடறேன்."

"இன்னாத்துக்கு டீ?" என்றார் பாய். "படிச்ச மூளை, அதுவே சூடாத்தான் கீது."

"பாய், அந்த மெத்தையில் போன சரக்கு உடையாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. தந்தி வந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சந்தோசம். ரயில்ல எல்லாம் போவுது. பொட்டி போவுது, நாரு போவுது, பலவை போவுது. என்னைத்தவிர அல்லாம் போவுது." மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பின்கட்டுக் கதவோரம் ஒரு பெண் தலையில் முக்காட்டோடு உட்கார்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் ராபியா என்பது சொல்லாமலே தெரிந்தது. விரல் நுனியெல்லாம் துணி சுற்றியிருந்தது. தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"சார், நீங்க படிச்சவரு. ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொட்டியை அங்க எறக்கி வயர்லெசை எடுத்துட்டப்புறம் இந்த நாரு இன்னா ஆவுது?"

"என்ன ஆகும்? எறிந்துவிடுவார்கள். பேலட்டை உடைத்து அடுப்பெரிக்கிறார்களாம்."

கயிறு கையிலேயே நின்றுவிட்டது. "எறிஞ்சிடுவாங்களா? இத்தினியுமா? ஊற வச்சி, முறுக்கி, காய வச்சி, வெரலு கிழியக் கிழியப் பிரிச்சிக் குடுக்கறோம். ஒரு தபா போட்டுட்டு எறிஞ்சிடுவாங்களா? சோபா நாரை நாங்க எப்பனா எறிஞ்சிருக்கோமா மச்சான்? பத்து வருசம் போட்ட நாரையே சுடுதண்ணியில அலசி, காய வச்சி, திரும்ப அடைக்கிறோம். நாரு எங்கருந்து வருது, ஆகாசத்துலேர்ந்தா? தெனம் தெனம் புச்சு கேட்டா யாரு குடுப்பா?"

"தொரைங்க ஊட்டு வழக்கம் அப்படி" என்றார் பாய் கிணற்றடியிலிருந்து.

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. மலையாளக் கரையிலிருந்து நார் வருவது ஏற்கனவே தட்டுப்பாடாகிக்கொண்டிருந்தது. அடுத்த மாதத்துக்குப் போதாது என்று நானே கேப்டனிடம் சொல்லியிருந்தேன். அஸ்ஸாமிலிருந்து வாகன்கள் காலியாகத் திரும்புகின்றன. அங்கே ஒருவர் இருந்து மெத்தைகளைச் சேகரித்து, பிரித்து, அலசி, காயவைத்து, பேலட்டுகளையும் அடுக்கித் திருப்பி ஏற்றினால்? பட்டாளத்துச் சிப்பாய்க்கு அது தெரியாது. மெத்தைக்காரருக்குத்தான் தெரியும்.

"பாய், அந்தத் துணிமூட்டையை அவிழ்த்துவிட்டீர்களா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"அவிழ்க்க வேண்டாம்."

நடை நின்றது. சைனம்பு டீ லோட்டாவோடு வாசற்படியில் அப்படியே நின்றார். ராபியா முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், என்னிடம் பேசவில்லை. பாயிடம் சொன்னாள்: "போனா ஆளைக் கூட்டிகினு வா மச்சான். இல்லாங்காட்டி சேதியாவது கொண்டா. எந்தச் சேதியா இருந்தாலும் கொண்டா. எனக்குப் பாவமா கீதுன்னு மறைச்சிடாத."

அன்றிரவே ஆங்கிலத்தில் யோசனையை எழுதி மறுநாள் கேப்டனிடம் நீட்டினேன். எத்தனை நார் மிச்சம், எத்தனை பலகை மிச்சம் என்று அதில் விவரமாக இருந்தது. நான் நல்ல ஆங்கிலத்தில் எழுதியவற்றில் அது ஒன்று. கேப்டன் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இது மெத்தைக்காரன் யோசனையா என்று கேட்டார். இல்லை, அவர் தம்பி மனைவி கேட்ட கேள்வி என்றேன். எதற்காக அந்த ஆள் அங்கே போகத் துடிக்கிறான் என்றார். சொன்னேன். கேப்டன் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். நார் மிச்சப்படுவது நிஜமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உன் வேலை போய்விடும் என்றார்.

உத்தரவு மேலே போய்க் கீழே வரத் தை மாதம் ஆயிற்று. அதற்குள் பாய் எங்களைப் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டார். ரயிலடிக்கு வேம்புலியும் நானும் போனோம். நாங்கள் கட்டிய பேலட்டுகள் ஏற்றிய வாகன்களுக்குப் பின்னால், கார்டு வண்டியில் அவருக்கு இடம். ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"ஏன் சார் இன்னும் எடுக்கல?"

"எஞ்சின் தண்ணீர் பிடிக்கிறது."

"ரயிலைத் தள்ளணும்னா சொல்லு, எறங்கித் தள்றேன்."

"மாமே, மொதல்ல குந்து" என்றார் வேம்புலி. "கல்கத்தா வரைக்கும் நின்னுகினே போனா, அங்க போயிச் சேர்றப்போ உன்னையும் பிரிச்சிக் கொட்டணும்."

பாய் சிரித்தார். உட்காரவில்லை. வண்டி நகர்ந்து வெளிச் சிக்னல் தாண்டும்வரை கார்டு வண்டி வாசலில் கைலி பறக்க நின்றுகொண்டே போனது தெரிந்தது.

மாசியில் அஸ்ஸாமிலிருந்து முதல் வாகன் திரும்பியது. உள்ளே அலசிக் காயவைத்த நார் மூட்டைகளும், பாயின் கை அடுக்கிய பேலட்டுகளும். என் வேலை தப்பியது. பாயிடமிருந்து வேறு தகவல் இல்லை. பங்குனியிலும் அப்படியே. நான் பூந்தமல்லிப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். போனால் ராபியா கதவோரத்தில் இருப்பாளே, என்ன சொல்வது?

1945 ஆனியில் அவரே வந்தார். திரும்புகிற வாகனோடு வந்து, ரயிலடியிலிருந்து நேராகக் கொட்டகைக்கு வந்தார். கூடத் தாடி வைத்த கிழவர் ஒருவர் இருந்தார். நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சமையற்காரர். பர்மாவிலிருந்து ஜனங்கள் மலை தாண்டி நடந்தே வந்தார்களே, அந்தக் கூட்டத்தோடு வந்து, அஸ்ஸாமில் மணிப்பூர் ரோடு ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரைப் பள்ளிவாசலில் தங்கிவிட்டவர்.

"இவருதான் பொதைச்சாரு சார்" என்றார் கையூம் பாய்.

ஷவுகத் அலி 1942 கோடையிலேயே மலை தாண்டிவிட்டிருந்தார். ரயிலேறக் கூட்டம் காத்திருந்த முகாமில் காலரா. ரயில் கண்ணுக்குத் தெரிகிற தூரம். இன்னும் ஒரு நாள் தாங்கியிருந்தால் ஏறியிருப்பாராம். பூந்தமல்லி, மெத்தைக்காரன், பெயர் ஷவுகத் என்பது மட்டும் கிழவருக்கு ஞாபகம். எழுதிப்போட விலாசம் தெரியவில்லை.

"நானே வந்து சொல்லியிருக்கலாம். ஆனா அவ கேக்கறதுக்கு எனக்குப் பதில் தெரியாதே. அதான் இவரை இஸ்துகினு வந்தேன்" என்றார் பாய்.

தன் வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டார். போனேன். ராபியா அழவில்லை, பிறகு அழுதிருப்பாள். கிழவர் சொன்னதையெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கால்ல செருப்பு இருந்துச்சா?"

கிழவர் யோசித்தார். "இல்லம்மா. கோணியைக் கிழிச்சி ரெண்டு கால்லயும் சுத்தியிருந்தாரு. நல்லா இறுக்கிக் கட்டியிருந்தாரு."

"அவரு கட்டு அப்படித்தான்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இதை நான் எழுதுவது 1946 ஆவணியில். சண்டை முடிந்ததும் எங்கள் கொட்டகையை மூடிவிட்டார்கள். நான் அதே ஆவடியில் வேறொரு பகுதியில், சம்பளம் கூடி, இருக்கிறேன். ராபியா புருஷன் இறந்தால் பெண்கள் இருக்கிற இத்தா என்ற விலக்குக் காலத்தை இருந்து முடித்து, இந்த வருஷம் தை மாதம் பல்லாவரத்தில் நிக்காஹ் ஆகி அங்கே இருக்கிறாள். வேம்புலி மேனாம்பேட்டில் கதவு ஜன்னல் செய்கிறார். அப்துல் கையூம் பூந்தமல்லியில் இருக்கிறார். ஐயப்பன்தாங்கல், வானகரம் என்று பஞ்சு வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மெத்தை பிரித்துக் கொட்டுகிறார்.